மந்தைவெளி பாயின்ட்டில் தூக்கிய கை

மந்தைவெளி நாற்சந்தியில் சிக்னல் விளக்கு திங்கட்கிழமை காலை கண்ணை மூடியது. எந்தப் பள்ளத்தில் எந்த ஒயர் அறுந்ததோ, யாருக்கும் தெரியாது. அங்கே பள்ளங்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்று முழுக்க மயிலாப்பூர் போகிறவன் பட்டினப்பாக்கம் போகிறவனைத் திட்டினான், அவன் அடையாறு போகிறவனைத் திட்டினான், மூவரும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நடுரோட்டில் வந்து நின்று வலது கையை உயரத் தூக்கினார். பத்து நிமிடத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

நம் ஊரில் ஒரு விஷயம் பத்து நிமிடத்தில் ஒழுங்கானால் சந்தேகப்பட வேண்டும். யாரும் படவில்லை. ஸ்டேஷன்காரர்கள் அவரைப் போக்குவரத்துப் பிரிவு ஆள் என்று நினைத்தார்கள். போக்குவரத்துப் பிரிவு அவரை ஊர்க்காவல் படை என்று நினைத்தது. ஊர்க்காவல் படை, பள்ளத்துக்குக் காவல் போட்ட ஆள் என்று நினைத்தது. பள்ளத்துக்குக் காவல் இருந்தவரோ எழுந்து நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். காக்கி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கும் பழக்கம் சென்னையில் இல்லை.

வலது கை மேலேயே இருந்தது. வேலையெல்லாம் இடது கைதான் செய்தது. இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் நில், பாட்டியம்மா போகட்டும், ஏய் ஸ்கூட்டர். அவ்வளவு சுத்தமாக. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் இரண்டு தடவை, "மந்தைவெளி பாயின்ட்ல யாருய்யா? குட் ஒர்க்" என்று வந்தது. இரண்டு தடவையும் இன்ஸ்பெக்டர் ஜவஹர், "நம்ம ஏற்பாடுதான் சார்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏட்டு புகழேந்தி அந்த வழியாகப் பைக்கில் வந்தார். இடது கை அவரை நிற்கச் சொன்னது, நின்றார். நின்ற இடத்தில் கண் தாழ்ந்தது. அந்த ஆளின் காலில் செருப்பு இல்லை. ஏப்ரல் மாதத் தார் ரோடு. கால் விரல்கள் ஒவ்வொன்றும் கொப்புளம் கட்டி, இரண்டு கொப்புளங்கள் உடைந்திருந்தன. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. தூக்கிய கை மட்டும் துளிகூடத் தாழவில்லை.

இடது கை போகச் சொன்னது, புகழேந்தி போகவில்லை. காரணம், போன மாதம்தான் அவரை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மனநலம் பாதிக்கப்பட்டு நெருக்கடியில் இருக்கிறவரைப் போலீஸ்காரன் எப்படி அடையாளம் காண்பது, எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பு. கடைசியில் ஒரு நாடகம் போட்டார்கள். நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்றதும் மொத்த வகுப்பும் திரும்பிப் புகழேந்தியைப் பார்த்தது. அவருக்கு அப்படி ஒரு முகவாகு. நான்கு சக போலீஸ்காரர்கள் பாய்ந்து பதினோரு நொடியில் அவரைக் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். "மூச்சு முட்டுதுய்யா" என்று அவர் நிஜமாகவே சொன்னதற்கு, நடிப்பு பிரமாதம் என்று கைதட்டு விழுந்தது. அந்தத் தரையின் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

வகுப்பில் ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். தூங்காமல் இருத்தல், சாப்பாட்டை மறத்தல், தனக்குத் தானே பேசுதல், எல்லாம் தன் தலையில் இருப்பதாக நம்புதல். அந்த அட்டைப்படி பார்த்தால் ஸ்டேஷனில் ஒருவரும் தப்ப மாட்டார்கள் என்று அன்றைக்கே அவருக்குத் தோன்றியது. அட்டையின் பின்பக்கம்: அருகே மெதுவாகச் செல், தொடாதே, வாதாடாதே, குரலை உயர்த்தாதே.

குரலை உயர்த்தாமல் மந்தைவெளி நாற்சந்தியில் ஒரு வார்த்தை பேசிக் காட்டுங்கள் பார்க்கலாம். புகழேந்தி பைக்கை ஓரங்கட்டிவிட்டு நடுரோட்டுக்குப் போய், அந்த ஆளின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தன்னால் முடிந்த அன்போடு கத்தினார்.

"பேரு இன்னா நைனா?"

"செம்பியன். பேச்சு குடுக்காத, பஸ்ஸு வருது."

"எப்பலேர்ந்து நிக்கிற?"

"நேத்து காலைலேர்ந்து."

"ராவெல்லாம்?"

"ராவெல்லாம்தான். வண்டி கம்மியா கீதுன்னு கைய இறக்கிட முடியுமா?"

"இறக்கினா இன்னா ஆவும்?"

செம்பியன் முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். சிவந்து வீங்கிய கண்கள். "இந்தக் கைலதான் எல்லாத்தையும் புட்சிக்கினு கீறேன். இறக்கினா அம்புட்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடும். பஸ்ஸு, ஸ்கூல் வேனு, அந்த வயசான அம்மா, எல்லாம். நான் இன்னா ஆசப்பட்டா நிக்கிறேன்? கை உயிர் போவுதுப்பா."

"வேற யார்னா புடிக்கக் கூடாதா?"

"யாரும் வரலியே" என்றார் செம்பியன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இடது கை அப்போதும் ஒரு லாரியை நிறுத்தியது.

இந்த மனிதர் இன்றைக்குச் சாய்ந்தால் எந்தச் சக்கரத்தின் அடியில் சாய்வாரோ என்று புகழேந்திக்குப் பயம் வந்தது. சாலையோரம் ஓர் ஆட்டோ நேற்றிலிருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் செம்பியன் என்ற பேரோடு எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தது ஷீலா, செம்பியனின் மனைவி. முதலில் அழுதாள், பிறகு எங்கே என்று கேட்டாள், பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டாள்.

புகழேந்தி நேரே ஸ்டேஷனுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் ஜவஹர் மேஜையில் ஒரு பேனரை விரித்து, அதில் தன் படம் உதவி ஆணையர் படத்தைவிடப் பெரிதாகிவிட்டதா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தார் அந்த 'சிறந்த காவலருக்கு' அதே நாற்சந்தியில் பொன்னாடை போர்த்துகிறார்கள். உதவி ஆணையர் தலைமை.

"சார், அந்த பாயின்ட்ல நிக்கிறது நம்ம ஆளு இல்ல."

"தெரியும்யா. டிராஃபிக்."

"டிராஃபிக்கும் இல்ல சார். ஆட்டோ டிரைவர். மனசு சரியில்லாம நிக்கிறாரு. சட்டப்படி நாமதான் பத்திரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

ஜவஹர் ஸ்கேலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாலையில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. அவருக்கு அந்தக் காட்சியைக் கலைக்க மனம் வரவில்லை.

"சட்டத்துல என்ன போட்டிருக்கு? அலைந்து திரியும் நபர்னு போட்டிருக்கு. இவன் அலையிறானா? ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்கிறான். நம்ம ஸ்டேஷன்ல போட்ட பாயின்ட்ல ரெண்டு மணி நேரம் நகராம நின்னவன் ஒருத்தனைக் காட்டு."

"தனக்கோ பிறருக்கோ ஆபத்துன்னும் இருக்கு சார்."

"யாருக்குய்யா ஆபத்து? நேத்துலேர்ந்து ஒரு கீறல் கேஸ்கூட இல்ல."

"அவருக்கு சார். கால் வெந்து போயிருக்கு."

"செருப்பு வாங்கிக் குடு." ஜவஹர் மறுபடி ஸ்கேலை எடுத்தார். "அஞ்சரைக்கு மேல எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் அந்தாளுக்கு ஒண்ணும் இல்ல. புரியுதா?"

இருபத்தாறு வருட சர்வீஸில் புகழேந்தி பல உத்தரவுகளைக் கேட்டிருக்கிறார். ஒரு மனிதனின் புத்திக்கு ஐந்தரை மணி வரை அவகாசம் கொடுத்த உத்தரவு இதுதான் முதல். எதிர்த்துப் பேசத் துணிவு வரவில்லை. அதற்காக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெளியே வந்து, காவலர் தமிழ்மொழியிடம் 108 ஆம்புலன்ஸை வரவழைத்துப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு செருப்பு வாங்கப் போனார்.

செம்பியன் காலைத் தூக்க மாட்டேன் என்றார். ஒரு கால் எழுந்தால் கை ஆடுமாம். புகழேந்தி தார் ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செருப்பை உள்ளே தள்ளினார். நான்கு பக்கமும் செல்போன்கள் அதைப் படம் பிடித்தன. வாயில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தார். பாதி குடித்தார் செம்பியன். மீதி சட்டையில் போயிற்று.

ஷீலா நாலரைக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு மாத்திரை அட்டை. அதில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஆறு வருசம் முன்னாடி ஒருவாட்டி இப்டி ஆச்சு சார். மாத்திர சாப்ட்டுக்கினு நல்லாதான் இருந்தாரு. கேனால் ஓரம் வூட்ட இடிச்சி எங்கள அவ்ளோ தூரம், பெரும்பாக்கத்துல போட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். சவாரி போய்டும்னு மாத்திரைய வுட்டுட்டாரு. நாலு நாளா தூக்கமே இல்ல. நேத்து காலைல, 'என்னியக் கூப்பிடறாங்க'ன்னு கெளம்புனவருதான்." அவள் நடுரோட்டில் நின்ற புருஷனைப் பார்த்தாள். "அடிச்சிடாதீங்க சார். போன தபா போலீஸ்தான் கூட்டினு போச்சு. விலா எலும்பு ஒடஞ்சிடுச்சு."

"அடிக்க வுட மாட்டேன்மா" என்றார் புகழேந்தி. சொன்ன பிறகுதான் அந்த வாக்கின் கனம் அவருக்கு உறைத்தது.

ஐந்து மணிக்கு விழா தொடங்கியது. ஜவஹரின் பேனரை நடுரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சங்கத்தின் செயலாளர் விஜயலக்ஷ்மி அம்மாள் மைக்கைப் பிடித்தார்.

"எங்காத்துலேர்ந்து கோவிலுக்குப் போறதுக்கு நாப்பது நிமிஷம் ஆயிண்டிருந்தது. நேத்திலேர்ந்து எட்டே நிமிஷம்! இவரைப் பாருங்கோ. நம்ம பாராட்டுறப்போகூடக் கடமையை விடாம நின்னுண்டிருக்கார்!"

பலத்த கைதட்டல். தூக்கிய கைக்கு மேலாகப் பொன்னாடையை எப்படிப் போர்த்துவது என்று சிறிது நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் கொடியில் துணி காயப் போடுவதுபோல் இடது தோளில் தொங்கவிட்டார்கள். "சார், கையக் கொஞ்சம் இறக்குங்க, ஏசி சார் மூஞ்சில நிழல் வுழுது" என்றார் போட்டோக்காரர். உதவி ஆணையர் கை குலுக்க வலது கையை நீட்டினார். செம்பியன் இடது கையால் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

உதவி ஆணையரின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஜவஹர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, பல்லுக்கிடையில், "ரெண்டு பேர் போய்ப் புடிச்சு இறக்குங்கடா" என்றார்.

இரண்டு காவலர்கள் அந்த வலது கையைப் பிடித்து இழுத்தார்கள். செம்பியன் போட்ட அலறலில் கூட்டம் நாலடி பின்வாங்கியது. "வேணாம்! ஸ்கூல் வேன் வருது! செத்துடுவாங்க, எல்லாரும் செத்துடுவாங்க!" இன்னொரு காவலர் பின்னாலிருந்து கழுத்தில் கை போட்டார். பொன்னாடை காலில் மிதிபட்டது. ஷீலா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

இன்னும் ஒரு நொடி போயிருந்தால் செம்பியனின் முகம் தார் ரோட்டில் இருந்திருக்கும். புகழேந்தியின் மூக்கில் அந்த வகுப்புத் தரையின் நாற்றம் ஏறியது. குரலை உயர்த்தாதே என்று அட்டை சொன்னதை மறந்து, அணிவகுப்பு மைதானத்துக் குரலில் கத்தினார்.

"பாயின்ட்! ரிலீவர் வந்தாச்சு!"

பழக்கம் என்பது பொல்லாதது. அந்தக் குரலைக் கேட்டதும் காவலர்கள் மூவரும் கையை விட்டு விறைப்பாக நின்றார்கள். ஜவஹரும் நின்றார். உதவி ஆணையரே குதிகாலைச் சேர்த்துவிட்டார். புகழேந்தி செம்பியனுக்கு எதிரே போய் நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார்.

"ஏட்டு புகழேந்தி. டூட்டி மாத்த வந்துருக்கேன். பாயின்ட் நிலவரம் சொல்லுப்பா."

செம்பியன் மூச்சு வாங்கினார். கை இன்னும் மேலேதான் இருந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். லேட்டாயிடுச்சு. மன்னிச்சிக்கோ."

போலீஸில் ஒரு நடைமுறை உண்டு. பாயின்ட்டில் நிற்பவன், மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை நகரக் கூடாது. அந்த நடைமுறையை இத்தனை மரியாதையாகக் கடைப்பிடித்த ஒருவரைப் புகழேந்தி அன்றுதான் பார்த்தார். செம்பியன் நிதானமாக ஒப்படைத்தார்.

"பட்டினப்பாக்கம் பஸ்ஸு கனம் ஜாஸ்தி, அத்த மணிக்கட்டுல தாங்கணும். ஸ்கூல் வேன் ரெண்டு, அது சுண்டு விரல்ல கீது, ஜாக்கிரத. மீன் கூடைய எடுத்துக்கினு ஒரு அக்கா வரும், அது கிராஸ் பண்ற வரைக்கும் மூச்சு வுடாத. கைய என் கைக்குக் கீழ கொண்டா. மெதுவா. இப்ப வுடப் போறேன். புட்சிக்கினியா?"

நிறை குடத்தைத் தலை மாற்றுவதுபோல அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று உரசின. செம்பியனின் விரல்கள் விலகின. புகழேந்தி சத்தியம் செய்யத் தயார்: அந்தக் கணம் அவர் கையில் கனம் இறங்கியது. தோள்பட்டை நோகிற அளவுக்குக் கனம்.

"புட்சிட்டேன்" என்றார்.

"நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

"இறக்க மாட்டேன்."

செம்பியன் கை இறங்கியது. அது மடங்கவில்லை, உடம்போடு ஒட்டவும் இல்லை. ஷீலா அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். தமிழ்மொழி மறுபக்கம் தாங்கினாள். ஆம்புலன்ஸ் வரை அவர்கள் நடந்தே போனார்கள். யாரும் யாரையும் அமுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் புகழேந்திக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் விழாவால் நின்றுபோன வண்டிகள் அதற்குள் நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவிலிருந்து ஐம்பதடி வந்து நாற்சந்தியில் சிக்கியது. புகழேந்தி சட்டம் ஒழுங்குப் பிரிவு ஆள். வாழ்நாளில் ஒரு சைக்கிளைக்கூட வழி மாற்றி விட்டவரில்லை. இடது கையை அவர் ஆட்டிய ஆட்டில், வரக்கூடாத பஸ் வந்தது, போகவேண்டிய கார் நின்றது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"யோவ், பழைய ஆளக் கூப்பிடுய்யா!" என்று பைக்கில் இருந்த ஒருவர் கத்தினார். இன்னும் பத்துப் பேர் கூடவே கத்தினார்கள். "பழைய ஆளு! பழைய ஆளு!"

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. "அண்ணே, இறங்கப் பாக்குறாருண்ணே!" என்றாள் தமிழ்மொழி. செம்பியன் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். "என்னியக் கூப்பிடறாங்க. அவரு ஒத்த ஆளு, தாங்க மாட்டாரு" என்று ஷீலாவிடம் கெஞ்சினார். இந்தத் தடவை வந்து நின்றால் அவரை யாராலும் திருப்பிக் கூட்டிப் போக முடியாது. அது புகழேந்திக்குத் தெரிந்தது, ஷீலாவுக்கும் தெரிந்தது.

"சார், கையத் தூக்குங்க" என்றார் புகழேந்தி.

"என்னது?" என்றார் ஜவஹர்.

"கையத் தூக்குங்க சார்! ஒரு கை பத்தலன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு!"

ஜவஹர் உதவி ஆணையரைப் பார்த்தார். உதவி ஆணையர் ஆம்புலன்ஸைப் பார்த்தார், ஷீலாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு சற்று முன் யாரும் குலுக்காமல் விட்ட தன் வலது கையை மெல்ல உயர்த்தினார். மேலதிகாரியின் கை மேலே போன பிறகு ஜவஹருக்கு வேறு வழி இல்லை. காவலர்கள் மூவரும் தூக்கினார்கள். விஜயலக்ஷ்மி அம்மாள் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "எல்லாரும் தூக்குங்கோ, ப்ளீஸ்" என்றார். போட்டோக்காரர் தூக்கினார். பழைய ஆளைக் கேட்ட பைக் ஆசாமி தூக்கினார். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக நீட்டினார். ஹாரன் அடிக்கிற கைகள் மேலே போனதால் ஹாரனும் நின்றது, ஆக்ஸிலேட்டர் முறுக்குகிற கைகள் மேலே போனதால் வண்டிகளும் நின்றன.

செம்பியன் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கீழே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டு, ஷீலாவின் தோளில் தலையைச் சாய்த்தார். சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார் என்று தமிழ்மொழி பிற்பாடு சொன்னாள். கதவு மூடியது. தூக்கிய கைகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் தடையில்லாமல் ஊர்ந்து, திரும்பி, மறைந்தது.

நாற்சந்தியில் சத்தமே இல்லை. மந்தைவெளியில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. இருநூறு கைகள் அப்படியே நின்றன. யாராவது ஒருவர் முதலில் இறக்கட்டும் என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது.

"புகழேந்தி" என்றார் ஜவஹர், உதட்டை அசைக்காமல். "ஆம்புலன்ஸ்தான் போயிடுச்சே. இறக்கலாம்ல?"

"இறக்குங்க சார்."

ஜவஹர் எதிரே பார்த்தார். பட்டினப்பாக்கம் பஸ் முழுக்க ஜனங்களோடு நின்றது. அதன் பின்னால் இரண்டு ஸ்கூல் வேன்கள். ஜன்னலெல்லாம் பிள்ளைகள், அவர்களும் கையைத் தூக்கியிருந்தார்கள். கூடையோடு ஒரு மீன்காரப் பெண் நடுரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

"நீ முதல்ல இறக்குய்யா" என்றார் ஜவஹர். அவர் கை இறங்கவில்லை.